தூக்கித் தூக்கி இடுப்பே விட்டுப்போச்சு: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் அம்மாக்கள் கேட்டவை

மகனுக்கு 8 வயது, 20 கிலோ. கட்டிலிலிருந்து தூக்கும்போதெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

குனிந்து, கையை நீட்டித் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். மல்லாந்து கிடக்கும் பிள்ளையை அக்குளில் கைகொடுத்து இழுத்தால் உடம்பு வில்லாய் விறைக்கும், கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். கட்டிலை ஒட்டி நின்று, உங்கள் முட்டியை மடக்குங்கள். அவனை ஒருக்களித்துத் திருப்பி, அவன் இடுப்பையும் முட்டியையும் மடக்கிச் சுருட்டினாற்போல மார்போடு அணைத்த பிறகு எழுந்திருங்கள். விறைப்பு தளரும்; அதே 20 கிலோ கொஞ்சம் இளகிவரும். அவனால் உங்கள் கழுத்தைப் பிடிக்க முடியுமென்றால், பிடிக்கும்வரை காத்திருங்கள்.

அவனுக்கு எடை ஏறும், உங்களுக்கு வயது ஏறும். தூக்காமல் இடம் மாற்ற உதவும் சறுக்குப் பலகை, தூக்குப் பட்டை பற்றி இப்போதே பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். 'நானே தூக்கிக்கொள்வேன்' என்ற வீராப்பு வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டயபர் மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுக்கிறதா? இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மூட்டு மெல்ல விலகுகிறது.

ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. நடுநடுவே இருமுகிறாள்.

நின்றுகொண்டு ஊட்டினால் அவள் அண்ணாந்து பார்ப்பாள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போக அது போதும். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, நீங்கள் அவள் கண்மட்டத்தில் உட்காருங்கள். தாடை சற்றே தாழ்ந்திருக்கட்டும். அப்படியும் ஒவ்வொரு வேளையும் அரை மணியைத் தாண்டினாலோ, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டினாலோ விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். வயிற்றில் குழாய் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை.

கர்ப்பத்தில் நான் செய்த தப்பு என்கிறார் மாமியார்.

இல்லை. குறைப்பிரசவம், கிருமித்தொற்று, மூளையில் ரத்தக்கசிவு, பிறந்ததும் கடுமையாகிவிட்ட மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. பல பிள்ளைகளுக்குக் காரணமே பிடிபடுவதில்லை. அடுத்தமுறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் சொல்லி எடுபடாது.

நேற்று அடித்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன்.

சேர்ந்தாற்போல 4 மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று? கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு 5 நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். 'ஏதாவது உதவட்டுமா' என்கிற கணவரிடம் ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். இரவில் புரட்டிப் படுக்கவைப்பது இனி அவர் பாடு. பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, பிள்ளையோடேயே போங்கள்.