ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாலும் இ-சேவை மையத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்?

இணையவழி அரசு சேவை என்றால், சாதிச் சான்றோ வருமானச் சான்றோ வாங்க தாலுகா ஆபீஸ் படியேறாமல் போனிலோ கணினியிலோ விண்ணப்பிப்பது. ஆனாலும் வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பலரும் 60 ரூபாய் கட்டி இ-சேவை மையத்தில்தான் போடுகிறார்கள். இதைப் படிப்பறிவுக் குறை என்று சொல்வது அநியாயம்.

காசிமேட்டில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுப்பார். போன் திரையில் தூக்கிப் பார்க்க எதுவும் இல்லை. அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? மையத்தில் கேட்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்குத்தான் காசு.

இன்னொரு தடை ஓடிபி, அதாவது பதிவு செய்த போன் நம்பருக்கு வரும் ஒருமுறை ரகசிய எண். சிலருக்குப் பதிவில் இருப்பது மகனின் பழைய நம்பர், அந்த சிம் இப்போது இல்லை. வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் நம்பரைச் சரிசெய்யுங்கள். ஒப்புகைச் சீட்டையும் தொலைக்காதீர்கள்.

பச்சை மைக் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத சான்று செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி, முறையான மின்னணுக் கையெழுத்தும் கையால் போட்டதற்குச் சமம்தான்.