எதிர் வீட்டு வாசலும் வாசல்தான்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். எதிர் வீட்டில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, நாய் இரவெல்லாம் குரைக்கிறது, வாசலை அசிங்கப்படுத்துகிறது என்று தெருவே கேட்கும்படி சண்டை போடுகிறார். நாயை மொட்டை மாடியில்தான் கட்டி வைத்திருக்கிறோம். விடியற்காலையில் மகன் வெளியே அழைத்துச் செல்லும்போது, எங்கள் வாசலில் அதற்குள் கோலம் போட்டுவிடுவதால், எதிர்ப்பக்கக் காம்பவுண்டு ஓரமாக நிறுத்துவான், அவ்வளவுதான். இப்போது மாநகராட்சியில் புகார் செய்வேன் என்று மிரட்டுகிறார். வாயில்லா ஜீவன்மீது இரக்கமில்லாத இவரை எப்படிச் சமாளிப்பது? சட்டம் யார் பக்கம்?

பதில்: இத்தகைய கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன, நாயின் இனமும் தெருவின் பெயரும் மாறுகின்றனவே தவிர, எதிர் வீட்டுக்காரர் கல்நெஞ்சர் என்ற தீர்ப்பு மட்டும் மாறுவதே இல்லை. உங்கள் கடிதத்தில் நான் மறுபடியும் மறுபடியும் படித்தது, ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் போகிற போக்கில் முடித்துவிட்ட கோலத்து வரியை.

வாசலில் நாய் அசிங்கம் செய்யக் கூடாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் இடத்தை மாற்றியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, இதைக் கவனக்குறைவு என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது? அந்த ஆசிரியையும் காலையில் வெறுங்காலோடு வந்து தம் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டியவர்தானே? நாயின் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தால், அவற்றிலிருந்து மண்ணில் வெளிவரும் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையக்கூடியவை. உருண்டைப்புழுவின் முட்டைகளோ மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, தெருவில் விளையாடும் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போகக்கூடியவை.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, கயிற்றைப் பிடித்திருப்பவன் உங்கள் மகன் என்பது. நம் வீட்டு அழுக்கை இன்னொருவர் வாசலில் தள்ளலாம், அவர் கேட்க ஆளில்லாத வயதான பெண் என்றால் துணிந்தே தள்ளலாம் என்பதை, யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே அந்தப் பிள்ளை நாள்தோறும் கற்றுக்கொண்டிருக்கிறான். நாளை உங்களுக்கு முதுமை வரும்போது இந்தப் பாடத்தை அவன் மறந்திருப்பான் என்று நம்புகிறீர்களா? பிள்ளை ஆசைப்பட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள்; பிள்ளைகள் ஆசைப்படத்தான் செய்வார்கள், வாங்கிக் கொடுத்தவர்கள்தாம் அந்த உயிருக்கும் தெருவுக்கும் பொறுப்பு. உங்கள் கணவர் கடிதத்தில் ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை என்பதையும் கவனித்தேன்.

சட்டம் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது முதலில் உங்கள் மொட்டை மாடிக்குத்தான் ஏறி வரும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க நடமாட்டம் தராத உரிமையாளரைக் கொடுமை செய்தவராகவே கருதுகிறது. பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரின் கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளம் இரவு நெடுநேரம் வரை அனல் கக்குவதை நீங்கள் அறியாதவரல்லர். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். லாப்ரடாரோ இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட குளிர்நாட்டு இனம், அதிலும் மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு வாழவே விரும்புவது. அதைத் தனியாக மேலே கட்டிவிட்டு, தெருவில் அசைவதைப் பார்த்தெல்லாம் குரைக்கிறதே என்றால், குறை நாயினுடையதா? இரக்கம் இல்லாதவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முழுதாக வளர்ந்த லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை எடை இருக்கும். தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டால் பன்னிரண்டு வயதுச் சிறுவனால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. தன் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய காவல் செய்யாதவருக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆகவே இன்றிரவே நாயைக் கீழே, வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெயில் ஏறுமுன் ஒருமுறையும், சாய்ந்தபின் ஒருமுறையும் நீங்களோ உங்கள் கணவரோ கயிற்றைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள், மகன் கூட வரட்டும். கையில் பழைய செய்தித்தாளும் பிளாஸ்டிக் கவரும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்க வேண்டும். மலத்தை அள்ளி வந்து உங்கள் வீட்டுக் கழிவறையில் போட்டுவிட்டு, சிறுநீர் கழித்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். (தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்தான், ஆனால் ஒரு பாட்டிலால் பாலாறு புதிதாக வற்றிவிடப் போவதில்லை.) வெறிநாய்த் தடுப்பூசியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டியது அது. விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போய் அதைப் போட்டு, குடற்புழு மருந்தும் வாங்கிக் கொடுங்கள். மாநகராட்சி அலுவலகத்தில் நாய் வளர்ப்பு உரிமத்தைப் பற்றியும், ஆசிரியை புகாரோடு போகும் முன்னர், நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆசிரியையிடம் பலகாரத் தட்டோடு போய்ச் சமாதானம் பேச வேண்டாம். வாளியும் துடைப்பமும் பினாயிலும் எடுத்துக்கொண்டு, மூவருமாகப் போய் அந்தக் காம்பவுண்டு ஓரத்தைக் கழுவிவிடுங்கள். அவர் வெளியே வந்து கடுமையாகப் பேசினால், மகன் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்த்து ஒரு சொல்லும் வேண்டாம். அதன் பிறகும் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.