கழுத்தில் ஒரு சுண்டைக்காய்

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். மூன்று வாரம் முன்பு சவரம் செய்யும்போது இடது கழுத்தில், தாடைக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. எங்கள் ஊர் டாக்டர் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார், குறையவில்லை. திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அவரைப் பார்க்க இன்னும் 14 நாள் இருக்கிறது. வலி இல்லாத கட்டிதான் ஆபத்து என்று கூகுளில் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடச் சொல்கிறாள். ஊசி குத்திப் பார்த்தால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார் சங்கத்தில் ஒருவர். மனைவியிடம் சொல்லவில்லை. வீட்டில் கழுத்தில் துண்டோடுதான் இருக்கிறேன். இந்த 14 நாளை எப்படித் தள்ளுவது?

ர.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தத் துண்டு. இத்தனை வருஷம் இல்லாமல் திடீரென்று வீட்டுக்குள் துண்டோடு உலவுகிற மனிதரை எந்த மனைவியும் கவனிக்காமல் இருக்கமாட்டாள். நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பார், இல்லையென்றால் வேறு எதையோ நினைத்துக் குமைந்துகொண்டிருப்பார். இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் 2011இல் எனக்கும் வலது கழுத்தில் வந்தது, ஒன்றல்ல, மூன்று. உங்களுக்குத் துண்டு, எனக்கு முந்தானை. 19 நாள் காத்திருந்தேன். பஸ்ஸில், குளியலறையில், அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது என்று கை தானாகக் கழுத்துக்குப் போகும். காலையில் புளியங்கொட்டையாக இருந்தது மதியம் நெல்லிக்காய், ராத்திரி எலுமிச்சை. கடைசியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதப் போட்டு இப்படிப் பிசைஞ்சது?" என்றார். நான் அமுக்கிய அமுக்கலில் சுற்றியிருந்த சதை கன்றிப்போயிருந்தது. கட்டி இருந்த இடத்தில் இருந்த அளவில்தான் இருந்திருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு தரம் தொட்டுப் பாருங்கள், அளவைக் காலண்டரில் குறித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா என்று கேட்போம் இல்லையா? மரத்துக்குக் கட்டாது, மனிதனுக்குக் கட்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தலையில் சிரங்கோ, தொண்டையில் புண்ணோ, சொத்தைப் பல்லோ இருந்தால் கழுத்தில் கட்டுகிறது. நிணநீர்க் கணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும்போது வீங்குவதுதான் அது. பெரும்பாலும் சில வாரத்தில் வடிந்துவிடும். வடியாவிட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊர் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

காசநோயாக இருக்கலாம். எச்சில் சுரப்பியில் கல்லாக இருக்கலாம். வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். புற்றும் அந்தப் பட்டியலில் உண்டு, இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்தமாட்டேன். ஆனால் வலியில்லாததெல்லாம் புற்று என்பது சரியில்லை. கொழுப்புக் கட்டி வலிக்காது. எனக்கு வந்ததும் வலிக்கவில்லை. அது காசநோய்.

அதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: கண்டமாலை. கண்டத்தில் மாலைபோல வரிசையாகக் கட்டுவதால். இங்கிலாந்தில் ராஜா தொட்டால் இது குணமாகும் என்று நம்பினார்கள். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை 1712இல், இரண்டரை வயதுக் குழந்தையாக, லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆன் ராணியிடம் காட்டினார்கள். அந்தக் காலத்து நிபுணர்! ராணி தொட்டு ஒரு தங்கக் காசும் கொடுத்தார். காசு ஆயுசுக்கும் கழுத்தில் கிடந்தது. தழும்பும்தான்.

உங்கள் நிபுணர் அநேகமாக ஊசிப் பரிசோதனை எழுதுவார். ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது. கட்டிக்குள் விட்டு இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் அசைத்து எடுத்து, நுனியில் இருப்பதைக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். எனக்கு அறைக்குள் போய் வெளியே வர பத்து நிமிஷம் ஆகவில்லை. பரவிவிடும் என்று பயந்து இதைத் தள்ளிப்போடுவதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. சங்கத்து நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

அம்மாவிடம் பத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கினால் டாக்டர் கை வைத்துப் பார்ப்பதும் சிரமம். வீக்கம் வடிய என்று மெடிக்கலில் எதையும் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிலவகைக் கட்டிகள் தற்காலிகமாகச் சுருங்கிப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டமானாலும், கட்டி கிடுகிடுவென்று வளர்ந்தாலும், சிவந்து காய்ச்சல் அடித்தாலும் 14 நாள் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் சிகிச்சை ஆறு மாசம். முதல் இரண்டு மாசம் நாலு மருந்து, பிறகு மூன்று. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தம் என்று அலறிவிட்டேன். ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், என் காதில்தான் ஏறவில்லை. கூட வந்த மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: "ஆரஞ்சு கலர் போகும், பயப்பட வேண்டாம்."

உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது பார்த்தீர்கள், ராத்திரிக் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, பல்வலி உண்டா, வெற்றிலை புகையிலைப் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். புகையிலையை மட்டும் மனைவி முன்னால் மறைக்கப் பார்ப்பீர்கள், வேண்டாம். காலர் இல்லாத சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா