மொழி மேடை: ‘டில்’ மூத்ததா, ‘அன்டில்’ மூத்ததா?

கேள்வி: ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான ‘அன்டில்’ (until) என்பதைச் சுருக்கித்தானே ‘டில்’ (till) என்கிறார்கள்? முன்னால் ஒற்றைக் குறி போட்டு, ஒரே ஒரு ‘எல்’ எழுதினால் சரியா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: சுருக்கம் அல்ல. ‘டில்’தான் மூத்தது. ஸ்காட்லாந்தில் ரத்வெல் என்ற ஊரில் உள்ள கற்சிலுவையில், பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றின் வரிகளை ரூன் என்ற பண்டைய ஜெர்மானிய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அந்தக் கல்லிலேயே ‘டில்’ இருக்கிறது. அங்கே அது காலத்தைக் குறிக்கவில்லை. ‘ஒருவரிடம்’ என்பதில் வரும் ‘இடம்’ என்ற பொருளில் நிற்கிறது. வட இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின்) பேச்சிலும் இதே சொல் இருந்ததால் அங்கே நன்றாக வேரூன்றியது. டேனிஷ், நார்வீஜிய, ஸ்வீடிஷ் மொழிகளில் இன்றும் நம் ‘-க்கு’ செய்யும் வேலையை இதுதான் செய்கிறது.

‘அன்டில்’ சுமார் 1200ஐ ஒட்டி வருகிறது. அதன் முற்பகுதியான ‘உண்ட்’ என்பதற்கும் ‘வரை’ என்றே பொருள். ஆக, அது ‘வரை-வரை’ என்ற இரட்டிப்பு! இலக்கைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ட்ஸீல்’ நம் ‘டில்’லுக்கு உறவு. தமிழிலும் ‘வரை’ என்றால் எல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

‘டில்’லுக்கு இரண்டு ‘எல்’, ‘அன்டில்’லுக்கு ஒன்று. குறி போட்ட வடிவம், சுருக்கம் என்ற தவறான எண்ணத்தால் பரவியது. தேர்வில் அதை எழுத வேண்டாம்.

கேள்வி: ‘வரை’ வரும் இடத்திலெல்லாம் ‘அன்டில்’ போடலாமா?
– அலுவலக உதவியாளர், திருநெல்வேலி

பதில்: கூடாது. ‘மதுரை வரை போனேன்’ என்பதற்கு ‘அன்டில் மதுரை’ என்று எழுதினால் பிழை. இடத்துக்கு ‘அஸ் ஃபார் அஸ்’ வேண்டும். ‘அவர் வரும் வரை’ என்பதில் ‘வரும்’ எதிர்காலமாகத் தெரிவதால் பலர் ‘அன்டில் ஹி வில் கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘அன்டில் ஹி கம்ஸ்’ என்பதே சரி.

அலுவலகக் கடிதங்களில் அதிகம் தடுக்குவது ‘பை’ (by) வர வேண்டிய இடம். ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுக்கலாம்’ என்று நாம் பேசுவதால், ‘சப்மிட் அன்டில் ஃப்ரைடே’ என்று கை எழுதிவிடுகிறது. ஆனால் ‘அன்டில்’ கேட்பது இடைவிடாமல் நீளும் செயலை: காத்திருப்பது, படிப்பது, கடை திறந்திருப்பது. விண்ணப்பத்தைக் கொடுப்பது ஒரு நொடியில் முடிகிற வேலை. அதற்குத் தமிழில் ‘வெள்ளிக்கிழமைக்குள்’, ஆங்கிலத்தில் ‘பை ஃப்ரைடே’. அதே விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகம் ‘அன்டில் ஃப்ரைடே’ என்று அறிவிக்கலாம். அவர்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? எழுதும் முன் ‘அதுவரை தொடர்ந்து’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘அன்டில்’, பொருந்தாவிட்டால் ‘பை’.

எதிர்மறையோடு வந்தால் ‘தான்’ போட்டு மொழிபெயர்த்தால் தெளிவு. ‘தி ஷாப் வோன்ட் ஓப்பன் அன்டில் டென்’ என்றால் கடை 10 மணிக்குத்தான் திறக்கும்.

கேள்வி: ‘அன்டில் 15’ என்றால் 15ஆம் தேதியும் சேர்த்தியா?
– வாசகர், சேலம்

பதில்: பேச்சில் பெரும்பாலும் சேர்த்தியே. ஆனாலும் அந்தச் சொல் அதை உறுதி செய்வதில்லை. ஒப்பந்தத்தில் ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங்’ என்று எழுதிவிடுங்கள்.