ஏமாற்ற வருபவனை அலையவிடலாமா? சுங்கை சிப்புட் பிள்ளைகள் கேட்டவை

ஏமாறுவதுபோல் நடித்து மோசடிக்காரனின் நேரத்தைத் தின்பதை ‘ஸ்கேம்பேய்ட்டிங்’ என்கிறார்கள். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் யூடியூப்பில் பார்த்துவிட்டு இதில் இறங்கப் பார்க்கிறார்கள். அவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, எனக்கு 15 வயசு. எங்கேருந்து தொடங்குறது?

மின்னஞ்சலில் தொடங்கு தம்பி, அதோடு நின்றுகொள். வாட்ஸ்அப் வேண்டாம். அதில் உன் நம்பர் அவன் கைக்குப் போய்விடும். நம் நாட்டில் பிரிபெய்ட் நம்பர்கூட ஐ.சி. என்கிற அடையாள அட்டையில்தான் பதிவாகிறது. இதற்கென்றே புது மின்னஞ்சல் முகவரி ஒன்று திற. உன் பெயர், பள்ளி, தோட்டம் எதுவும் அதில் ஒட்டக்கூடாது. அவன் அனுப்பும் லிங்க்கை அழுத்தினால் உன் ஐ.பி. முகவரி, அதாவது உன் இணைய இணைப்பின் எண், தெரிந்துவிடும். உன் கைப்பேசியில் எடுத்த படத்தையும் அனுப்பாதே, எடுத்த இடம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நீ செய்வது தெரிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

பதில் என்னன்னு எழுதுறது அண்ணே?

‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கட்டணம் 350 வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள்’ என்று வருகிறது என வைத்துக்கொள். நீ ரப்பர் மரம் சீவி ஓய்ந்துபோன 70 வயதுத் தாத்தாபோல் நடி. இப்படி எழுது: “பணம் ரெடி ஐயா. பேங்க் வரைக்கும் வந்துட்டேன், மூக்குக்கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன். கணக்கு நம்பரைப் பெரிய எழுத்துல அனுப்புங்க.” அனுப்புவான். இரண்டு நாள் பேசாமல் இரு. பிறகு, “கவுண்டர்ல இருக்கிற பொண்ணு ஒரு நம்பர் குறையுதுன்னு சொல்லுது” என்று எழுது. திரும்ப அனுப்புவான், சில சமயம் வேறொரு கணக்கையே கொடுப்பான்.

நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு நம்பர்தான். போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்த்தால், அதன்மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் போலீஸிடமும் அந்த வங்கியிடமும் கொடு. கணக்கு முடங்கினால் அவனுக்கு உண்மையிலேயே வலிக்கும். ஒன்று மட்டும் கவனம்: பணம் கட்டியதுபோல் போலி ரசீது தயாரிக்காதே, அது குற்றம்.

யூடியூப்புல அவனுங்க கணினிக்குள்ளேயே புகுந்து கேமராவைத் திறக்கிறாங்களே?

ஜிம் பிரவுனிங் என்ற பெயரில் இயங்கும் யூடியூபர் அப்படிச் செய்து, 2020-இல் பிபிசியே அவர் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எதிராளி திருடன் என்பதற்காகச் சட்டம் உன்னை விட்டுவிடாது. அவ்வளவு அனுபவமுள்ள பிரவுனிங்கையே 2021-இல் யூடியூப் ஊழியர்போல் பேசிய ஒருவன் நம்பவைத்து, அவர் சேனலை அவர் கையாலேயே அழிக்க வைத்துவிட்டான்.

நல்லா திட்டிவிடலாமா?

வேண்டாம். மறுமுனையில் இருப்பவன் யாரென்று உனக்குத் தெரியாது. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் கட்டாயப்படுத்தப்பட்டு இந்த வேலையைச் செய்யக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் சொன்னது. நல்ல சம்பளம் என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்ட மலேசியப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவன் நேரத்தை எடுத்துக்கொள், வசை எதற்கு? இனத்தையும் தாயையும் இழுத்துத் திட்டுகிற காணொளிகள் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

போலீஸ், கோர்ட்டுன்னு சொல்லி போன் வந்தா விளையாடலாமா?

கூடாது. இப்படி அதிகாரிபோல் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் மக்காவ் ஸ்கேம் கும்பல் பல நேரம் உன் பெயரையும் ஐ.சி. நம்பரையும் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடும். போனை வை.

சார், என் மகள் படிவம் 5. எஸ்.பி.எம். நேரத்துல இதெல்லாம் தேவையா?

பரீட்சை முடியட்டும் அக்கா. அதன்பிறகு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மோசடிக்காரன் எப்படி அவசரப்படுத்துகிறான், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எந்த இடத்தில் சொல்கிறான் என்று கண்ணால் பார்த்த பிள்ளை, நாளை பாட்டியின் இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தைக் காப்பாற்றும். இந்தப் பொழுதுபோக்கை நான் ஆதரிப்பதே அதற்காகத்தான்.

கூட்டாளி ஒருத்தன் ஏ.டி.எம். கார்டை வாடகைக்குக் கேட்கிறான், மாசம் 300 வெள்ளியாம்.

கொடுத்துவிடாதே தம்பி! மோசடிப் பணம் போய்ச் சேரும் கழுதைக் கணக்கு அதுதான். 2024-இல் இதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்தார்கள். போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டைத்தான்.

தம்பி, நான் ஏற்கெனவே பணம் போட்டுட்டேன். அவனோட பேசிக்கிட்டே இருந்தா திரும்ப வாங்க முடியுமா?

முடியாது ஐயா, பேச்சை நிறுத்துங்கள். உடனே 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022-இலிருந்து அந்த எண்ணில்தான் இயங்குகிறது. வங்கிக்கும் சொல்லிவிட்டு, ரசீது, அவன் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழி உண்டு. ‘போன பணத்தை வாங்கித் தருகிறேன், கட்டணம் கட்டு’ என்று பிறகு ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான் ஐயா.