குலப்பெயரும் குருதியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பினாங்கில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் டான், சான், சின், சென் என்று நான்கு சீன நண்பர்கள் இருக்கிறார்கள். நால்வரும் சீன எழுத்தில் எழுதுவது ஒரே குடும்பப்பெயரைத்தான் என்பது அண்மையில்தான் எனக்குத் தெரிந்தது. மூத்தவரான டான், தாங்கள் அனைவரும் ஷுன் பேரரசரின் வழிவந்தவர்கள், மூவாயிரம் ஆண்டுகளாக ஒரே ரத்தம் என்றார். இது உண்மையா? நான்கில் எது சரியான வடிவம், எவை திரிந்தவை? சீனர்களிடம் குடும்பப்பெயர்கள் ஏன் இவ்வளவு குறைவு? தந்தை பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடும் நமக்கு இத்தகைய நினைவு எதுவும் இல்லையே, வரலாறற்ற மக்களாக இருக்கிறோமே என்ற வருத்தமும் எழுகிறது.

ப., பினாங்கு

அன்புள்ள ப.,

சீனக் குலவரலாற்று ஏடுகளைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கான காரணம் என் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் எழுதியிருக்கும் வருத்தத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். குடும்பப்பெயர் இல்லாததால் ஒரு மக்கள்கூட்டம் வரலாறற்றதாகிவிடாது. அடுத்த வீட்டுக்காரரின் ஏட்டைப் பார்த்துவிட்டு நம் வீட்டை இகழும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயர்கள் ஏன் குறைவு என்பதற்கும் விடை சுருக்கமானதே. தந்தை வழியில் மட்டும் பெயர் இறங்கும் சமூகத்தில் ஆண் வாரிசு இல்லாத வீட்டோடு பெயரும் முடிந்துபோகும். பல நூற்றாண்டுகளுக்கு இது நடந்தால் சிறிய பெயர்கள் மறைந்து பெரிய பெயர்கள் மேலும் பெருகும். இன்று சீனாவில் சென் என்ற பெயருடையவர்கள் சுமார் 6 கோடிப் பேர். வாங், லி, சாங், லியூ ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது இடம் அதற்கு. தைவானில் முதலிடம், அங்கே பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சென்.

எது திரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் திரியவில்லை. பெய்ஜிங் பேச்சில் சென், கான்டனியர் வாயில் சான், ஹக்கா மக்களிடம் சின், ஹொக்கியன், தியோசூ மக்களிடம் டான். துறைமுகத்தில் இறங்கியவர் சொன்னதை ஆங்கிலேய அரசின் எழுத்தர் காதில் விழுந்தபடி பதிந்துகொண்டார். பழைமைதான் அளவுகோல் என்றால், நீங்கள் திரிபு என்று ஐயப்படும் டான் என்பதே தலைநகரத்துச் சென் என்பதைவிடப் பழைய ஒலிக்கு நெருக்கமானது. கிமு 672இல் சென் நாட்டின் அரண்மனைப் பூசலிலிருந்து தப்பி, சி என்ற நாட்டில் அடைக்கலம் புகுந்த சென் வான் என்ற இளவரசரின் வழியினர் அங்கே தியான் என்று அழைக்கப்பட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் சியான் தாசின் இதைச் சான்றாகக் காட்டி, முற்காலத்தில் இவ்விரு பெயர்களும் ஒன்றுபோலவே ஒலித்தன என்று நிறுவினார். அந்தப் பழைய முதலொலியைத் தென்கடற்கரை மக்கள் இன்றுவரை காப்பாற்றிவருகிறார்கள்.

இனி உங்கள் நண்பரின் கூற்றுக்கு வருகிறேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. முன்னோரை நேசிக்கும் ஒருவர் அப்படித்தான் பேசுவார். அதைக் கேட்டுப் புல்லரித்து, ‘ஒரே ரத்தம்’ என்பதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பிய உங்கள் மீதுதான் கோபம்.

ஷுன் தொன்மக் காலத்தவர். சௌ வம்சத்தின் வூ மன்னர், கிமு 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வீழ்த்தியபின், ஷுன் வழியினர் என்று கருதப்பட்ட குய் மான் என்பவருக்குத் தம் மூத்த மகளை மணமுடித்துக் கொடுத்துச் சென் என்ற சிறு நாட்டையும் அளித்தார் என்பது மரபுச் செய்தி. இன்றைய ஹெனான் மாநிலத்து ஹுவாய்யாங் பகுதியில் அந்த நாடு இருந்தது. கிமு 5ஆம் நூற்றாண்டில் சூ நாடு அதை விழுங்கியது. நாடு போனபின் நாட்டின் பெயர் மக்களின் பெயராயிற்று. அரண்மனையில் பிறந்தவர்கள் மட்டுமே அதைச் சூடிக்கொண்டார்கள் என்று எண்ண எந்த நியாயமும் இல்லை. மறுபுறம், அரச குருதி ஐயமின்றி ஓடியதாக ஏடுகள் சொல்லும் தியான் குடும்பம், கிமு 386இல் சி நாட்டின் அரியணையையே கைப்பற்றி, வேறு பெயரில் வாழ்ந்தது. அப்படியானால் ரத்தம் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது அந்தத் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

பின்னர் நடந்தவற்றையும் பாருங்கள். கிபி 496இல் வடக்கு வெய் வம்சத்தின் ஷியாவ்வென் பேரரசர், சியான்பெய் மக்களின் நீண்ட பெயர்களை எல்லாம் சீன முறைக்கு மாற்ற ஆணையிட்டார். ஹோமோசென் என்ற புல்வெளிக் குடியினர் அந்த ஆணையால் சென் ஆனார்கள். ஹுவாய்யாங் மண்ணை மிதித்தே இராதவர்களின் பேரப்பிள்ளைகளும் சென்னாகவே வளர்ந்தார்கள். ஆணை ஒன்று ஒரு தலைமுறையின் பெயரை மாற்றிவிடும் என்பதற்கு வியட்நாமும் சாட்சி. சீனாவின் தென்கிழக்குக் கடற்கரை மாநிலமான ஃபூஜியானிலிருந்து குடியேறிய மீனவர் வழிவந்த ட்ரான் குடும்பம் (இதுவும் அதே எழுத்துதான்) 1225 முதல் 1400 வரை அங்கே ஆண்டது. மங்கோலியப் படையெடுப்புகளை மூன்று முறை முறியடித்தது. அதே குடும்பம் ஆட்சியைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே, தனக்கு முன் ஆண்ட லீ வம்சத்தாரை எல்லாம் நுயென் என்று பெயர் மாற்றிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தியது. அந்தக் கணத்தில் அவர்களின் ரத்தமும் மாறிவிட்டதா?

உங்கள் நண்பரின் வீட்டிலும் ஒரு குலவரலாற்று ஏடு இருக்கக்கூடும். ஃபூஜியான் குடும்பங்களின் ஏடுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும்: எங்கள் முன்னோர் ஹெனான் மாநிலத்துக் குஷி என்ற ஊரிலிருந்து வந்தார்கள். டான் குடும்பங்கள் அதைச் சென் யுவான்குவாங் என்ற தளபதியோடு இணைத்துச் சொல்லும். 7ஆம் நூற்றாண்டில் தென் ஃபூஜியானை அடக்கி, 686இல் சாங்சோ என்ற நிருவாகப் பகுதியை உருவாக்கி, 711இல் போரில் மாண்டவர் அவர். இன்று அவர் தெய்வம். உங்கள் ஊரின் டான் கொங்சியில் (குலச் சங்கக் கோயிலில்) அவர்தான் வீற்றிருக்கிறார். சிங்கப்பூரில் மகசின் சாலையில் 1878இல் எழுந்த டான் குலக்கோயிலிலும் அவர்தான். அந்தக் கோயிலைக் கட்டிய இருவரில் ஒருவர் டான் கிம் சிங். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் மகன்.

குஷி கதையைச் சந்தேகிக்க நாம் யார் என்று நீங்கள் கேட்கலாம். நான் சந்தேகிக்கத் தேவையே இல்லை. ஃபூஜியான் மண்ணில் பிறந்த செங் சியாவ் என்ற பேரறிஞர் 12ஆம் நூற்றாண்டிலேயே அதைச் செய்து முடித்துவிட்டார். டாங் வம்சம் சரிந்த காலத்தில் குஷியிலிருந்து படையோடு வந்த வாங் ஷென்ச்சி ஃபூஜியானை ஆண்டபோது, தம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை கொடுத்தார். அதனால்தான் எல்லோரும் தங்கள் ஏட்டில் குஷி என்று எழுதிக்கொண்டார்கள், அது பொய் என்று செங் சியாவ் வெளிப்படையாகவே எழுதினார். யோசித்துப் பாருங்கள். நிலத்துக்கும் பதவிக்கும் வரிச்சலுகைக்கும் ஒரு முன்னோர் தேவைப்படுகிறார். எழுதத் தெரிந்தவர் ஒருவர் அவரை உருவாக்கித் தருகிறார். மூன்று தலைமுறை கழித்துப் பேரன் அந்த ஏட்டின் முன் ஊதுபத்தி ஏற்றி மனமுருகி வணங்குகிறான். அவனுடைய வணக்கம் உண்மை. ஏடு சொல்வது மட்டும் உண்மையில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் ‘ஒரே ரத்தம்’ என்கிறார். குவாங்சோ நகரில் 1894இல் கட்டி முடிக்கப்பட்ட சென் குல மண்டபத்துக்குக் குவாங்டோங் மாநிலத்தின் 72 மாவட்டங்களைச் சேர்ந்த சென் குடும்பங்கள் பணம் கொடுத்தன. கொடுத்தவர்கள் தங்கள் முன்னோரின் பெயர்ப்பலகையை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அந்த மாநிலத் தலைநகருக்குத் தேர்வெழுத வந்த அவர்களின் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைத்தது. அங்கே எவரும் எவருடைய ரத்தத்தையும் சோதிக்கவில்லை. அது நல்ல காரியம் என்றே நான் கருதுகிறேன். அன்னிய நகரத்தில் ஒரு ஏழை மாணவனுக்குக் கூரை கொடுத்த பொய் எனக்கு உவப்பானது.

இந்தப் பெயரின் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான குடும்பம் இன்றைய ஜியாங்ஷி மாநிலத்தின் தெஆன் பகுதியில் வாழ்ந்தது. 890இல் சென் சோங் என்பவர் அந்தக் குடும்பத்துக்கு 33 விதிகளை எழுதிவைத்தார். சோங் வம்சத்தின் அரச வரலாறு, சென் ஃபாங் என்பவர் காலத்தில் 13 தலைமுறைகளாகப் பிரியாமல் 700 பேர் ஒரே குடும்பமாக வாழ்ந்ததாகப் பதிந்திருக்கிறது. வேலைக்காரர்கள் கிடையாது. பெரிய கூடத்தில் அனைவரும் சேர்ந்து உண்டார்கள். சிறுவர்களுக்குத் தனிப் பந்தி. வீட்டில் நூறு நாய்களுக்கு மேல் இருந்தன, அவற்றுக்கும் ஒரே தொட்டி, ஒரு நாய் வராவிட்டால் மற்ற நாய்களும் உண்ணாது என்றும் அந்த வரலாறு எழுதுகிறது. நாய்க் கதையை நீங்கள் நம்பவேண்டியதில்லை. நம்பவேண்டிய இன்னொரு செய்தி அதிலேயே இருக்கிறது. பின்னாளில் ஆயிரமாகப் பெருகிய வாய்களுக்குச் சோறு போட முடியாமல் திணறிய அந்தக் குடும்பத்துக்கு அரசு ஆண்டுதோறும் 2000 ஷி (பழைய சீன முகத்தலளவை) தானியம் கடன் கொடுத்தது. பின்னர் தலைமையேற்ற சென் ஷூ அதில் பாதியை மட்டுமே வாங்கினார். பஞ்சத்தில் தானிய விலை ஏறியபோது, முழுவதையும் வாங்கி விற்றால் நல்ல லாபம் கிடைக்கும் என்று சிலர் தூண்டினார்கள். எங்கள் வீட்டார் பசியால் வாடக்கூடாது என்று கொடுத்த பொதுத் தானியத்தை வைத்து லாபம் பார்ப்பதா என்று மறுத்துவிட்டார். 1062இல் பேரரசர் ரென்சோங்கின் ஆணைப்படி அந்தக் குடும்பம் பிரிக்கப்பட்டு, 291 கிளைகளாக நாடெங்கும் சென்றது என்று அவர்களின் மரபு சொல்கிறது. பெயர் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. ஒரு டான் என்னிடம் தன் குலப்பெருமையைச் சொல்ல விரும்பினால், ஷுன் பேரரசரை விட்டுவிட்டு அந்தப் பாதித் தானியத்தைச் சொல்லட்டும்.

இப்போது என் குடும்பத்துக்கு வருகிறேன். என் சின்னம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர், பிறப்பால் சீனர். ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த நாட்களில், காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனத் தாய், பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தையை என் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மலாயாவில் அன்று பல தமிழ் வீடுகளில் இப்படிச் சீனப் பெண் குழந்தைகள் வளர்ந்தார்கள். கூடவே ஒரு சிவப்புக் காகிதத்தையும் கொடுத்தார். பாட்டி அதை டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வைத்திருந்தார். சாயம் வெளிறி, மடிப்புகள் கிழிந்து, ஓரங்களைக் கரப்பான் அரித்திருந்தது. சின்னம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தபின்தான் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனோம். அவர் விளக்குக்கு நேரே பிடித்து, பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாழிகையையும் ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் எழுத்து சென் என்றார். அவரும் டான்தான். மகிழ்ந்துபோய்த் தன் குடும்ப ஏட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த ஏட்டில் இந்தக் காகிதத்துக்குரிய பெண்ணைப் போன்றவர்களின் பெயர் இருக்குமா என்று நான் கேட்டேன். மகள்களை எழுதும் வழக்கம் இல்லை என்றார். சின்னம்மா அவரைப் பார்த்து, "எழுதாட்டிப் போகுது. பெத்தது நெசந்தானே, தவுக்கே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தக் குலவரலாற்று ஏட்டையும் பழைய மனத்தோடு என்னால் வாசிக்க முடியவில்லை. பெரும்பாலான ஏடுகளில் மகன்கள் வரிசையாக இறங்கிவருவார்கள், மருமகள்களுக்குப் பிறந்த வீட்டின் குடும்பப்பெயர் மட்டும் இருக்கும், மகள்கள் இருக்கமாட்டார்கள். அதே ஃபூஜியானில் ஆண் வாரிசு இல்லாத வீடுகள் பிற குலத்துச் சிறுவர்களை வாங்கி மகனாக்கிக்கொண்டதும் பரவலான வழக்கம். அவர்களின் வழியினர் இன்று முழு உரிமையுள்ள டான்கள். ரத்தம் இருந்த பெண்ணுக்கு ஏட்டில் இடமில்லை. ரத்தம் இல்லாத பையனுக்கு இடம் உண்டு. மூவாயிரம் ஆண்டு ஒரே ரத்தம் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் சின்னம்மாதான். அதனால்தான் கடிந்துகொண்டேன், மனம் நோகவேண்டாம்.

உங்கள் நண்பர் டானிடம் டான் கா கீயைப் பற்றியும் பேசுங்கள். சிங்கப்பூரில் ரப்பரில் செல்வம் ஈட்டி, 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அவர் பிறந்த ஜிமெய் முழுக்க முழுக்க டான்கள் வாழ்ந்த ஊர். அந்த ஒரே குலத்துக் கிளைகள் தமக்குள் வெட்டிக்கொண்டு உயிர்ப்பலி கொடுத்திருந்தன. ஒவ்வொரு கிளையும் தனித்தனித் திண்ணைப் பள்ளி வைத்திருந்தது. பெண்களுக்கு எதிலும் இடமில்லை. கிளைத் தலைவர்களை அழைத்துப் பேசி, அந்தப் பள்ளிகளை எல்லாம் மூடச் சம்மதிக்க வைத்து, 1913இல் ஊருக்குப் பொதுவாக ஒரே பள்ளியைத் தொடங்கினார் அவர். பின்னர் ஒரு மீன்குளத்தை வாங்கித் தூர்த்து அதற்குக் கட்டடமும் எழுப்பினார். 1917இல் பெண்களுக்கும் பள்ளி திறந்தார். உங்கள் நண்பரின் வீட்டு ஏட்டைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அவருடைய பாட்டியின் பெயர் அதில் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.