துணி அலமாரியில் நிறத்தை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: புதிதாகத் துணி அலமாரி செய்யப் போகிறேன். உள்பக்கத்துக்கு என்ன நிறம் நல்லது? துணிகளை நிறவாரியாக அடுக்கினால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, அல்லது படத்துக்கு மட்டும்தான் அழகா?

பதில்:

பயன் இருக்கிறது, ஆனால் பலர் செய்கிற வரிசையில் செய்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். அலமாரிக்குள் நிறம் என்றால் அது துணிகளின் நிறம்தான். நீங்கள் பூசும் பெயிண்டும் ஒட்டும் லேமினேட்டும் அதற்குப் பின்னணி. பின்னணி அடக்கமாக இருந்தால் தேடும் துணி சட்டென்று கண்ணில் படும். நான் எந்த அலமாரியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, இதில் தேடுவது சுலபமா என்றுதான். அழகு அதற்கு அப்புறம்.

முதலில் உள்பக்கம். பெயிண்ட் நிற அட்டைகளில் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், 0 முதல் 100 வரை. அந்த நிறம் தன் மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது. வெள்ளை வகைகள் பெரும்பாலும் 80-ஐத் தாண்டும், அடர் நிறங்கள் 10-க்குக் கீழேகூடப் போகும். அலமாரி என்பது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டி, திறப்பு முன்னால் மட்டும்தான், அந்தத் திறப்பிலும் நீங்களே நின்று பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறீர்கள். அதனால் உள்ளே அடர் காப்பி நிறமோ கருப்போ போட்டால் மூலையில் இருப்பது இல்லாத மாதிரிதான். 70-க்கு மேல் எண் உள்ள வெளிர் நிறமாக எடுங்கள். ஆனால் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்பேன், வெள்ளைச் சட்டையின் ஓரம் அதில் கரைந்துவிடும், தந்த நிறத் துணி பக்கத்தில் பழுத்துப்போன மாதிரி தெரியும். லேசான சாம்பல், அல்லது மஞ்சள் தட்டாத மங்கல் வெள்ளை போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பக்கத்தில் இருக்கும் நிறம் துணியின் நிறத்தையே மாற்றிக் காட்டும். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்புச் சாயம் போதிய கருப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறை எதுவும் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கலாகக் காட்டியிருந்தன. அந்த ஆராய்ச்சியை விரிவாக 1839-ல் வெளியிட்டார். உங்கள் அலமாரியிலும் இதே கதைதான். உள்சுவர் சிவப்பாக இருந்தால் சாம்பல் துணியில் ஒரு பச்சைச் சாயல் ஏறும், பச்சைத் துணி இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும். அதை நம்பி ஜோடி சேர்த்து உடுத்திக்கொண்டு வெளியே போனால் வேறு மாதிரி இருக்கும்.

அடர் நிறம் பிடிக்கும் என்றால் கதவின் வெளிப்பக்கம் முழுக்க உங்களுடையது, ஆசைப்பட்டதைப் போடுங்கள். டிராயரின் அடித்தட்டும் நல்ல இடம். கைக்கடிகாரம், கம்மல் போன்ற பளபளக்கும் சின்னப் பொருள்கள் கரும்பச்சையிலும் கருநீலத்திலும் எடுப்பாகத் தெரியும். புது ஜீன்ஸ் அடுக்குகிற தட்டு மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக, துடைக்கக்கூடிய லேமினேட்டாக இருக்கட்டும், ஜீன்ஸ் சாயம் உரசி வெளிர் தட்டில் ஏறினால் லேசில் போகாது. உள்ளே பெயிண்ட் அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அது முழுவதும் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை, நீர் கலந்த பெயிண்டுகளுக்கே சில வாரம் பிடிக்கும். அதுவரை மடித்த துணியை நேராக அதன்மேல் வைக்காதீர்கள்.

விளக்கு இல்லாமல் நிறம் பேசுவதில் அர்த்தமில்லை. கருப்பு சாக்ஸா கருநீல சாக்ஸா என்று ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோமே, அதற்குக் கண் காரணமில்லை, மஞ்சள் விளக்குதான் காரணம். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதை விளக்குப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள். 2700 கெல்வின் அளவிலான விளக்கில் நீல ஒளி குறைவு, திருப்பி அனுப்ப நீலமே இல்லாவிட்டால் கருநீலத் துணி கருப்பாகத்தான் தெரியும். 4000 கெல்வின் அளவில் வாங்குங்கள், கூடவே பெட்டியில் சிஆர்ஐ எண்ணையும் பாருங்கள், நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 90-க்கு மேல் இருக்கவேண்டும். எல்இடி ஸ்ட்ரிப்பைப் பின்சுவரில் ஒட்டாதீர்கள், துணிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் துணியின் முன்பக்கம் இருட்டாகிவிடும். முன் விளிம்பில், உள்நோக்கிப் பார்க்கும்படி ஒட்டவேண்டும்.

சரி, இனி அடுக்குவது. வானவில் வரிசையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொங்கவிடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலாட் என்ற இரு உளவியலாளர்கள் 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். நிறம் ஒன்றை மட்டும் வைத்துத் தேடும்போது, சுற்றி எத்தனை பொருள் இருந்தாலும் தேடியது உடனே துருத்திக்கொண்டு தெரிகிறது; நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துத் தேடவேண்டி வந்தால், பொருள்கள் கூடக் கூட நேரமும் கூடுகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நீலச் சட்டையும் நீல பேன்டும் நீல ஜாக்கெட்டும் ஒன்றாகத் தொங்கினால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கவேண்டும். சட்டைகளை முதலில் தனியாகப் பிரித்துவிட்டால் மிச்சம் தேடவேண்டியது நிறம் ஒன்றுதான். ஆகவே வகை முதலில், நிறம் இரண்டாவது.

வகைக்குள்ளே வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போங்கள். நிறப் பெயர்களைவிட இந்த வரிசை எனக்குப் பிடிக்க ஒரு காரணம் உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை ஏதாவது ஓர் அளவில் இருக்கிறது. வெளிர், அடர் என்ற வேறுபாடு அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். வீட்டில் பலர் பயன்படுத்தும் அலமாரி என்றால் இதை அவசியம் யோசியுங்கள். பல நிறம் கலந்த பூப்போட்ட, கட்டம் போட்ட துணிகளை எந்த நிறத்தில் சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் தனி இடம் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பதெல்லாம் கருப்பு, சாம்பல், கருநீலம்தான் என்றால் நிறவரிசை உங்களுக்கு அவ்வளவாக உதவாது, கை நீளத்தை வைத்தோ துணியின் கனத்தை வைத்தோ பிரியுங்கள்.

ஹேங்கர் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. செலவு குறைவு, பலன் அதிகம். பெட்டிகளுக்கு ஆளுக்கொரு நிறம் என்று வைத்தால் குழந்தைகளும் தாங்களே எடுத்து வைப்பார்கள், எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் மூன்று நான்கு நிறத்துக்கு மேல் போனால் எது யாருடையது என்று வைத்தவருக்கே மறந்துபோகும். கண்ணாடிக் கதவு வைக்கிற எண்ணம் இருந்தால் வெயில் விழாத சுவராகப் பாருங்கள், இல்லாவிட்டால் மடிப்பின் விளிம்பில் மட்டும் சாயம் வெளுத்து ஒரு கோடு விழுந்துவிடும்.

லேமினேட்டை முடிவு செய்யும்முன் மாதிரித் துண்டை வாங்கி வந்து இருக்கிற அலமாரிக்குள்ளேயே சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும் கருநீல பேன்டும் தொங்கவிட்டு இரவில் பாருங்கள். நீலம் நீலமாகத் தெரியவில்லை என்றால் லேமினேட்டை மாற்றாதீர்கள், முதலில் விளக்கை மாற்றிப் பாருங்கள்.